மிச்சம் யாருடையது?

ஒரு நிறுவனம் நன்றாக நடக்கிறது. அதன் வாடிக்கையாளர்களைக் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாருமே திருப்தி என்கிறார்கள். அதே சேவையை வெளியே வாங்கப் போனால் விலை கணிசமாகக் கூடுதல். கையிருப்பும் ஏராளம், நாளைக்கே சந்தை சரிந்தாலும் தாங்கும். இப்படி ஒரு நிறுவனத்தின் மேல் ஒரு நாட்டின் பாராளுமன்றம் எதுக்குக் கோபப்பட வேண்டும்?

2018இல் பிரிட்டனில் அது நடந்தது. அது மோட்டபிலிட்டி என்ற திட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கார்களை லீஸுக்குக் கொடுப்பது. அந்த வருடத் தொடக்கத்தில் அதைப் பற்றி இரண்டு எண்கள் செய்தித்தாள்களில் வந்தன. திட்டத்தை நடத்தும் கம்பெனியின் கையிருப்பு 240 கோடி பவுண்டு. அதன் தலைமை நிர்வாகி மைக் பெட்ஸின் ஒரு வருட வருமானம் 17 லட்சம் பவுண்டு, அதாவது பிரிட்டிஷ் பிரதமரின் சம்பளத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் சண்டை ஆரம்பித்தது. "இவ்வளவு பணத்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு இவ்வளவு சம்பளமா?" என்று. யோசித்தால் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். எவ்வளவு சேமித்து வைக்கலாம் என்பது ஒன்று, ஒருவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. ஆனால் இரண்டும் வந்து சேருகிற ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம், மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் எனக்கும், வாசிக்கும் உங்களில் பலருக்கும் நன்றாகப் பழக்கமான இடம்தான். அங்கே போவதற்கு முன்னால் இந்தத் திட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு, நடக்க முடியாதவர்களுக்கு ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொடுத்துவந்தது. வெளிர் நீல நிறம், ஒரே ஒரு இருக்கை. கண்ணாடியிழையில் செய்த அந்த வண்டி காற்றடித்தால் ஆடும். தீப்பிடிக்கும் என்ற பெயரும் அதற்கு இருந்தது. எனக்கு அதில் பெரிய விஷயமாகத் தெரிவது அந்த ஒற்றை இருக்கைதான். கால் நடக்காத ஒரு தாய், தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட முடியாது. கணவன் மனைவி சேர்ந்து கடைக்குப் போக முடியாது. சட்டப்படி அதில் இன்னொருவரை ஏற்றக்கூடாது. மாற்றுத்திறனாளி என்றால் தனியாள் என்று யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த நீல வண்டியைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே இருப்பவர் யார் என்று ஊருக்கே தெரியும். அவர்களைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டவில்லை.

1976இல் இதற்குப் பதிலாகப் பணமாகவே ஒரு போக்குவரத்து உதவித்தொகையைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் வாரா வாரம் வரும் சின்னத் தொகையை வைத்துக்கொண்டு கார் வாங்க முடியுமா? வங்கியும் கடன் தராது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 1977இல் ஜெஃப்ரி ஸ்டெர்லிங், ஆர்னால்ட் குட்மன் இருவரும் மோட்டபிலிட்டி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். யோசனை எளிமையானது. உதவித்தொகையை அரசு நேராக லீஸ் கம்பெனிக்கு அனுப்பிவிடும். கம்பெனி மூன்று வருடத்துக்கு ஒரு புதுக் காரைக் கொடுக்கும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், வழியில் நின்றுபோனால் வந்து உதவுவது எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய கார் வேண்டுமென்றால் முன்பணமாகக் கொஞ்சம் கையிலிருந்து போட வேண்டும். மூன்று வருடம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். மாடலும் நிறமும் அவரவர் விருப்பம். தெருவில் நிற்கும் நூறு கார்களில் அதுவும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

2018இல் இப்படி 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கார்களை வாங்கி விற்கும் வேலையைச் செய்வது மோட்டபிலிட்டி ஆபரேஷன்ஸ் என்ற தனிக் கம்பெனி. அதன் பங்குகள் பார்க்லேஸ், எச்எஸ்பிசி, லாயிட்ஸ், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற நான்கு வங்கிகளின் கையில் இருந்தன. ஆனால் வங்கிகளுக்கு ஈவுத்தொகை கிடையாது. லாபம் வந்தால் அது திட்டத்துக்குள்ளேயே கிடக்கும். அரசு வரிச்சலுகையும் தருகிறது. இதே சலுகைகளோடு போட்டி போட வேறு கம்பெனி கிடையாது. வருடத்துக்குச் சுமார் 200 கோடி பவுண்டு உதவித்தொகை நேராக இங்கே வந்து சேர்கிறது. இது கம்பெனியா, தொண்டு நிறுவனமா, அரசுத் துறையா என்று கேட்டால், மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும். குழப்பமெல்லாம் இங்கேயிருந்துதான் தொடங்குகிறது. சம்பளம் பேசும்போது கம்பெனி, வரி பேசும்போது தொண்டு என்று நின்றுகொள்ள இந்த அமைப்பு வசதியாக இருக்கிறது.

இப்போது கையிருப்புக்கு வருவோம். கார் லீஸ் வியாபாரத்தில் உண்மையான சூதாட்டம் ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு வாங்கும் காரை மூன்று வருடம் கழித்து என்ன விலைக்கு விற்கலாம்? அந்த ஒரு எண்ணை இன்றைக்கே ஊகித்தாக வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் லீஸ் எடுப்பவர் கட்டுகிறார். ஊகம் தப்பினால் கம்பெனி கட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,30,000 கார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மறுவிற்பனை விலையும் எதிர்பார்த்ததைவிட 1,000 பவுண்டு குறைந்தால் 63 கோடி பவுண்டு ஓட்டை. 4,000 பவுண்டு குறைந்தால் 252 கோடி. அந்த மொத்தக் கையிருப்பும் காலி. ஒரு புது எஞ்சின் விதி, ஒரு எண்ணெய் நெருக்கடி, டீசல் காருக்கு நகரத்துக்குள் தடை என்று எது வேண்டுமானாலும் பழைய கார் விலையைக் கவிழ்க்கலாம். அப்படிக் கவிழும்போது வங்கி வேண்டுமானால் அரசிடம் போய் நிற்கும். இந்தக் கம்பெனி யாரிடம் போகும்? அது விழுந்தால் 6 லட்சம் வீட்டு வாசலில் இருந்து கார் போய்விடும் அபாயம். அந்த வீடுகளில் பஸ் ஏற முடிந்தவர்கள் குறைவு.

அதனால் 240 கோடி என்றதும் "பதுக்கல்" என்று கூவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எண் பெரிதாகத் தெரிவது சும்மா நம் கண்ணின் கோளாறு. ஒரு காருக்கு 3,800 பவுண்டு வருகிறது, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் கெட்ட காலத்துக்குத் தயாராவதா, ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை வருவதற்கா என்பதைப் பொறுத்துத் தேவையான தொகை தலைகீழாக மாறும். எங்கள் துறையிலும் இதே பேச்சு உண்டு. சர்வர் 99 சதவீத நேரம் ஓடினால் போதுமா, 99.99 சதவீதமா? ஒவ்வொரு 9ஐயும் கூட்ட ஆகும் செலவு முந்தையதைவிடப் பல மடங்கு. எத்தனை 9 வேண்டும் என்பதை எஞ்சினியர் தனியாக முடிவு செய்யக்கூடாது, காசு கட்டுகிறவர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாலபாடம்.

இங்கே காசு கட்டுகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கையிருப்பு வானத்திலிருந்து விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கையாளர்களின் லீஸ் தொகையிலிருந்து சேர்ந்தது. 9,000 பவுண்டுக்கு விற்கலாம் என்று தோன்றும் காரை, எதற்கும் இருக்கட்டும் என்று 8,000க்குத்தான் போகும் என ஊகித்து எழுதுகிறார்கள் என்று வையுங்கள். அந்த 1,000 பவுண்டு லீஸ் விலையில் ஏறிவிடும். மூன்று வருடத்தில் 156 வாரம். வாரத்துக்கு ஆறரை பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2018இல் முழு உதவித்தொகையே வாரத்துக்கு 59 பவுண்டு 75 பென்ஸ். அந்த ஆறரை பவுண்டு பல வீடுகளில் முன்பணமாக மாறி, வேறு எதையோ தள்ளிப்போட வைத்திருக்கும். சக்கர நாற்காலி நுழையும் அளவு கதவு அகலமுள்ள காருக்குப் பதில், கொஞ்சம் சிறியதை எடுக்க வைத்திருக்கும்.

எச்சரிக்கை என்பதை நாம் ஒரு குணமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அப்பா அம்மா சேர்த்து வைத்தார்கள், நல்ல குணம். ஆனால் அவர்கள் சேர்த்தது தங்கள் பணத்தை. அடுத்தவர் பணத்தில் எச்சரிக்கையாக இருப்பது வேறு விஷயம். அங்கே நம் நிம்மதிக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

பாராளுமன்றத்தின் இரண்டு குழுக்கள், ஃபிராங்க் ஃபீல்டும் நிக்கி மார்கனும் தலைமை தாங்கியவை, 2018 மே மாதம் அறிக்கை கொடுத்தன. பிறகு தேசியத் தணிக்கை அலுவலகம் உள்ளே போய்ப் பார்த்து டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. 2008இலிருந்து கம்பெனி, திட்டமிட்டதைவிட 105 கோடி பவுண்டு கூடுதல் லாபம் பார்த்திருக்கிறது. முக்கியக் காரணம், பழைய கார் விலையை அது தொடர்ந்து குறைவாகவே ஊகித்தது. இன்னொன்று, நிர்வாகிகளின் போனஸுக்கு வைக்கப்பட்ட இலக்குகள் அந்தக் காலம் முழுவதும் சுலபமாகத் தாண்டப்பட்டிருந்தன.

பழக்கமான இடம் என்று சொன்னது இதைத்தான்.

ஐடியில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புரியும். "இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால் மனசுக்குள் ஐந்து என்று தோன்றும், வாய் எட்டு என்று சொல்லும். நடுவில் உள்ள மூன்றுக்குப் பெயர் பஃபர். அதில் தப்பே இல்லை. சர்வர் விழும், கூட வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வரும், கேட்டவரே பாதியில் மனசு மாறுவார். எட்டு என்று சொல்லி ஆறில் முடித்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஆறு நாளை வைத்து ஒருவர் அப்ரைசலில் "எதிர்பார்ப்பை மிஞ்சியவர்" என்று பெயர் வாங்கி போனஸும் வாங்கும்போது எங்கேயோ இடிக்கிறது. எதிர்பார்ப்பை வைத்ததும் அவர்தானே! அடுத்த முறை பத்து நாள் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. ஆனால் எச்சரிக்கை என்ற நல்ல குணம், மெதுவாக, அதை வைத்திருப்பவருக்கே காசு தரும் மரமாக வளர்ந்துவிட்டது.

மோட்டபிலிட்டி நிர்வாகிகள் வேண்டுமென்றே குறைத்து ஊகித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாமலேயே இது நடக்கும் என்பதுதான் என் கவலை. தாழ்வாக ஊகிப்பது பாதுகாப்பு. தாழ்வாக ஊகித்ததால் வந்த மிச்சம் கணக்கில் சாதனை. சாதனைக்கு போனஸ். ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. கோத்துப் பார்த்தால், வாடிக்கையாளர் கூடுதலாகக் கட்டிய பணம், அவரிடம் கூடுதலாக வாங்கியதற்குப் பரிசாக மாறியிருக்கிறது. பெட்ஸின் நீண்டகால ஊக்கத்தொகை சுமார் 22 லட்சம் பவுண்டு என்பது தணிக்கையின்போதுதான் வெளியே தெரிந்தது. அவர் பதவி விலகப்போவதாக அறிவிப்பும் வந்தது.

நம்மூர் ஏலச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி நடக்கும் சீட்டில் நடத்துகிறவருக்கு ஒரு கமிஷன் உண்டு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. 5 சதவீதமாக இருந்ததை 2019இல் 7 ஆக்கினார்கள். ஏலத்தில் தள்ளிய தொகையில் கமிஷன் போக மிச்சம், சீட்டுப் போட்டவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும். அந்த மாதம் தள்ளுபடி அதிகம் போனதால் நடத்துகிறவருக்குத் தனிப் பரிசு என்று யாராவது சொன்னால் நம் தெருவில் என்ன நடக்கும்? கணக்குப் படிக்காத பாட்டிகூட அதில் உள்ள தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

சரி, சம்பளத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம். 17 லட்சம் பவுண்டை 6,30,000 வாடிக்கையாளர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு வருடத்துக்கு 2 பவுண்டு 70 பென்ஸ். லண்டனில் ஒரு காப்பி விலை. இதுக்கா இவ்வளவு சத்தம்? இதே தொகையை வேறு மாதிரியும் வகுக்கலாம். ஐநூறுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளின் முழு வருட உதவித்தொகை அது. இரண்டு கணக்குமே சரி. எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதிலேயே நம் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது.

அந்தக் காப்பிக் கணக்குக்கு ஒரு பிரபலமான தத்துவ வடிவம் உண்டு. ராபர்ட் நோசிக் 1974இல் எழுதிய புத்தகத்தில் வில்ட் சேம்பர்லெய்ன் என்ற கூடைப்பந்து வீரரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். பத்து லட்சம் பேர் அவர் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். ஒவ்வொருவரும் 25 சென்ட்டைச் சந்தோஷமாக அவர் பெயர் போட்ட பெட்டியில் போடுகிறார்கள். அவருக்கு இரண்டரை லட்சம் டாலர் சேர்கிறது. இதில் எங்கே அநியாயம்? யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது நோசிக்கின் கேள்வி. நல்ல கேள்விதான், சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. ஆனால் மோட்டபிலிட்டியில் அந்தப் பெட்டி இல்லை. வாடிக்கையாளர் ஒருவர்கூட பெட்ஸின் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. அவர்கள் கார் கேட்டு வந்தார்கள். வேறு மைதானமும் கிடையாது.

அடுத்து வரும் வாதம் இன்னும் நடைமுறையானது. திறமையானவர் வேண்டுமென்றால் சந்தை விலை கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், நஷ்டம் மாற்றுத்திறனாளிகளுக்குத்தான் என்பது. தொண்டு நிறுவனம் என்றால் ஊழியர்கள் ஏழையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம் பொதுப்புத்தி எனக்குப் பிடிக்காது. சேவை என்ற சொல்லைக் காட்டிக் குறைந்த சம்பளம் கொடுப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, நம்மைச் சுற்றி எத்தனை இடத்தில் நடக்கிறது! லட்சக்கணக்கான கார்களை வாங்கி விற்கும் ஒரு பெரும் நிதி அமைப்பை நடத்தத் திறமை வேண்டும். அந்தத் திறமைக்கு நல்ல சம்பளம் கொடுக்கலாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இந்த வாதத்தைத்தான் ஜி. ஏ. கோஹன் என்ற அரசியல் தத்துவவாதி 1991இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரைகளில் ஒரு விசித்திரமான சோதனைக்கு உட்படுத்தினார். குழந்தைகள் பெற்றோரிடம் இருக்க வேண்டும். பணம் கொடுக்காவிட்டால் கடத்தியவன் குழந்தையைத் திருப்பித் தர மாட்டான். ஆகவே பணம் கொடுப்பதே சரி. வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னால் நல்ல ஆலோசனை. கடத்தியவனே பெற்றோரின் எதிரில் உட்கார்ந்து இதே வரிகளைச் சொன்னால்? வரி மாறவில்லை, சொல்கிறவர் மாறியிருக்கிறார். இரண்டாவது வாக்கியத்தை உண்மையாக்குவதே அவன்தான். "அப்படியானால் நீ ஏன் சும்மா திருப்பித் தரக்கூடாது?" என்ற கேள்விக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

கோஹன் பணக்காரர்களைக் கடத்தல்காரர்கள் என்று சொல்லவில்லை, நானும் நிர்வாகிகளை அப்படிச் சொல்லவில்லை. சம்பளக் குழு "இவருக்கு இவ்வளவு கொடுக்காவிட்டால் நல்ல ஆள் கிடைக்காது" என்று சொல்லும்போது அது ஏதோ மழை வெயில் போல இயற்கை நிலவரமாகக் கேட்கிறது. அதையே அந்த நிர்வாகி, முன்பணம் கட்ட முடியாமல் சின்னக் காரோடு திரும்பும் ஒருவரின் முகத்துக்கு நேராக, "எனக்கு 17 லட்சம் கொடுத்தால்தான் உங்களுக்கு நன்றாக வேலை செய்வேன்" என்று சொல்ல முடியுமா? ஒரு லட்சத்தைச் சொல்ல முடியும், இரண்டு லட்சத்தையும் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன். வீடு, பிள்ளைகள், இத்தனை வருடப் படிப்பு, பொறுப்பின் பாரம் என்று காரணங்கள் இருக்கின்றன. கேட்கிறவரும் ஒப்புக்கொள்வார். ஒரு கட்டத்துக்கு மேல் காரணங்கள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் மிஞ்சுவது "அங்கே தருகிறார்கள்" என்ற ஒன்று மட்டும்தான். அந்தக் கட்டம் எந்த எண்ணில் வருகிறது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். பெட்ஸுக்குப் பின்னால் வந்தவருக்குக் கணிசமாகக் குறைவாகத்தான் கொடுத்தார்கள், திட்டம் நின்றுவிடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் திருப்தி மதிப்பெண்கள் யாருடைய உழைப்பு? லண்டனிலும் பிரிஸ்டலிலும் போனை எடுத்து, கார் நின்றுபோன இடத்தில் தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஊழியர்களுடையது. கை மட்டுமே இயங்கும் ஒருவருக்காக பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குடையது. வாடிக்கையாளர் திருப்தி நிர்வாகியின் போனஸ் கணக்கில் ஒரு காரணமாக வரும்போது இவர்கள் எல்லாம் அவருடைய செயல்திறனாகிவிடுகிறார்கள். ஊழியர் சம்பளம் நியாயமா என்ற கேள்வியை எப்போதும் மேலே உள்ள ஒருவரின் எண்ணை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். கீழே போனை எடுப்பவரின் எண்ணை எந்தச் செய்தித்தாளும் தலைப்பில் போடாது.

கதை 2018இல் முடிந்திருந்தால், தணிக்கை அதிகாரிகள் சொன்னது சரி, கையிருப்பு தேவையில்லாத அளவு பெரிது என்று முடித்துவிடலாம். கம்பெனியும் அந்த வருடம் 40 கோடி பவுண்டை அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. ஆனால் பிறகு நடந்தவை கொஞ்சம் வேடிக்கை. 2021இல் சிப் தட்டுப்பாடு. புதுக் கார் கிடைக்கவில்லை, பழைய கார் விலை எகிறியது. யாரும் ஊகிக்காத லாபம் வந்து கொட்டியது. அடுத்த இரண்டே வருடத்தில் பழைய மின்சாரக் கார்களின் விலை பொத்தென்று விழுந்தது. அந்தக் கார்களை அதிகமாக வாங்கி வைத்திருந்தவர்களில் மோட்டபிலிட்டியும் ஒன்று. 2024 செப்டம்பரில் முடிந்த வருடத்தில் அதற்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம். அப்போது 8 லட்சம் பேர் திட்டத்தில் இருந்தார்கள். நஷ்டத்தைக் கையிருப்பு தாங்கிக்கொண்டது. யாருடைய வாசலில் இருந்தும் கார் போகவில்லை.

அப்படியானால் பெட்ஸ் காலத்து எச்சரிக்கை சரிதானே? கையிருப்பு விஷயத்தில் பெருமளவு சரி. போனஸ் விஷயத்தில் இந்த நஷ்டம் அவர் பக்கம் வாதாடாது, எதிராகத்தான் வாதாடுகிறது. அந்த மிச்சம் யாருடைய திறமையாலும் வந்த லாபம் இல்லை, வரப்போகும் ஒரு நஷ்டத்துக்காக வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே கட்டிய இன்சூரன்ஸ் என்று 2024 காட்டிவிட்டது. பிரீமியம் அதிகம் சேர்ந்தது என்பதற்காக வசூலித்தவருக்குப் பரிசு கொடுப்பார்களா?

கையிருப்பைப் பற்றி எனக்கு இன்னும் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. சேமித்தவரும் பலன் பெறுகிறவரும் ஒரே ஆள் இல்லை. 2013இல் பிரிட்டிஷ் அரசு பழைய உதவித்தொகைக்குப் பதிலாகப் புதிய ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பு ஒருவரால் 50 மீட்டர் நடக்க முடியுமா என்பது அளவுகோலாக இருந்தது, அதை 20 மீட்டராக இறுக்கினார்கள். 30 மீட்டர் தட்டுத்தடுமாறி நடக்கும் ஒருவருக்கு முழுத் தொகை போய்விடலாம். முழுத் தொகை போனால் காரும் போய்விடும். மறுமதிப்பீட்டுக்குப் போய்விட்டு வந்து காரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் சிறு உதவித்தொகையோடு வெளியேறினார்கள். விதியை மாற்றியது அரசு, கம்பெனி இல்லை. ஆனால் அவர்கள் வருடக்கணக்கில் வாரம் சில பவுண்டாகப் போட்டுவைத்த எச்சரிக்கைப் பணம் பெட்டியிலேயே இருந்தது.

காரை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குச் சில நூறு பவுண்டு தருகிற வழக்கம் திட்டத்தில் உண்டு. ஆக, போகும்போது கையில் கொடுத்தனுப்ப வழி தெரியாமல் இல்லை. ஊகித்ததைவிடக் கார் அதிக விலைக்குப் போனால் அதில் ஒரு பங்கை, அதை மூன்று வருடம் ஓட்டியவருக்கே அனுப்பலாமா? குறைந்த விலைக்குப் போனால் அவரிடம் கேட்க முடியாதே, அப்போது பெட்டி காலியாகாதா என்று உடனே மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. அப்படியென்றால் பங்கைச் சின்னதாக வைக்கலாம், பாதியோ கால்வாசியோ. எத்தனை 9 வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்கலாம். "வாரம் மூன்று பவுண்டு கூடக் கட்டினால் இன்ன அளவு மோசமான வருடத்தைத் தாங்கும், ஆறு பவுண்டு கட்டினால் இன்னும் மோசமானதை" என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் புரியாதா என்ன? வாரம் 59 பவுண்டு 75 பென்ஸை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு பஃபர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாளில் நிர்வாகிகளின் சம்பளமும் ஒரு வரியாக இருக்கட்டும், போனை எடுப்பவரின் சம்பளம் அதற்குக் கீழே அடுத்த வரியாக.